கரைநடைக்குக் கட்டிய காவடி

எலப்புள்ளிக்குக் கிழக்கே, பனைமரங்களைத் தவிர வேறெதுவும் பார்வையை மறைக்காத சமவெளியில் எங்கள் வீடு இருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் கணவாய் வழியே கிழக்குக் காற்று இறங்கும். தை முழுவதும் ஓயாது. உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், கொடியில் போட்ட துணி வேலியில் கிடக்கும். அந்தக் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் எங்கள் ஊரார் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போவது வழக்கம். கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று போகும் அந்த வழியில் பெரும்பாலும் காற்று முகத்தில்தான் அடிக்கும். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, அந்த நடைக்குக் காவடியும் மூட்டையும் கட்டியவள் நான்.

முதலில் நடக்க வேண்டியவர் என் கணவர். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சலில் கண் திறவாமல் கிடந்தாள். அவள் பிழைத்தால், மூன்று வயது நிறைந்த பின் வரும் தைப்பூசத்துக்குக் காவடி சுமந்து நடந்து வந்து, அவளுடைய முதல் முடியைப் பழனியில் இறக்குவதாக அவர் வேண்டிக்கொண்டார். காவடியில் தொங்கும் சொம்புகளில், என் பிறந்த ஊரான மறையூரின் சர்க்கரையைக் கொண்டுவருவதாகவும் சேர்த்துச் சொன்னார். அங்கே கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கையால் பிடிக்கும் வெல்ல உருண்டைக்குத்தான் சர்க்கரை என்று பெயர். குழந்தை பிழைத்தாள். அன்று முதல் அவள் தலையில் கத்திரி படவில்லை.

மூன்று வயது நிறைந்த அந்தக் கார்த்திகையில் அவள் தலையில் சிரங்கு கண்டது. அடர்ந்த முடிக்குள் புண் பரவி, சீழ் கட்டி, முடியும் புண்ணும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. தூக்கத்திலும் கை தலைக்கே போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மலையாளத்து டாக்டர் ஒருவர் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். பூசுமருந்து ஒன்றையும் கையில் கொடுத்தார்.

“முடி முழுக்க எடுக்கணும். மருந்து தோல்ல படாம புண்ணு எங்ஙனெ உணங்கும்?”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், முறத்தை நிறுத்தவில்லை.

“சாமிக்குச் சொன்ன முடி, அம்மிணி. அதுல நம்மூட்டுக் கத்தி படப்படாது. தை வரட்டும், எல்லாம் சரியாப் போயிரும்.”

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கொடுத்த வாக்கை உடைத்து முடியெடுக்க என் மனமும் ஒப்பவில்லை. தை வரை பொறுப்போம் என்றே நானும் எண்ணினேன். வேப்பிலை வேகவைத்த நீரால் கழுவிவிட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில்தான் மார்கழி நடுவில், வைக்கோல் ஏற்றிய வண்டி களத்துமேட்டில் சரிந்து, அதன் சக்கரம் என் கணவரின் கால்மேல் ஏறியது. எலும்பு கட்டுகிறவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பங்குனி வரை தரையில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த தையென்றால் இன்னும் ஓர் ஆண்டு. அந்தத் தலையோடு குழந்தை ஓர் ஆண்டு இருப்பதா? அன்று மாலை அவளை மடியில் வைத்துப் புண்ணைக் கழுவும்போது அவள் அழக்கூட இல்லை, பழகிப்போயிருந்தாள். அதுதான் என்னை உறுத்தியது. கழுவி முடித்ததும் எழுந்துபோய் மாமியாரிடம் சொன்னேன்.

“காவடிய நான் சொமக்கறேனுங்க, அத்தை.”

“நீயா?”

“ஏனுங்க, அவ எனக்கும் புள்ளதானுங்களே.”

மாமியார் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். பெண்களுக்கு மாதந்தோறும் வரும் தடையைத்தான் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

“பூசம் கழிஞ்சுதான் வருது. போய்ட்டு வந்துரலாம்” என்றார். அவருடைய சம்மதம் அவ்வளவே.

கூட்டத்தின் சம்மதம் அத்தனை எளிதன்று. எங்கள் ஊர்க் காவடிக் கூட்டத்தை நடத்தி வந்தவர் மாமியாரின் மூத்த அண்ணன். எனக்குப் பெரிய மாமா. அரிசி, பருப்பு, அண்டா முதலியவை மாட்டுவண்டியில் வரும். பெண்களும் கூட நடப்பார்கள், வழியில் சமைப்பார்கள். ஆனால் எங்கள் கூட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் காவடி எடுத்ததில்லை. காவடி எடுப்பவர் தம் காவடியையும் மாற்றுத்துணி மூட்டையையும் தாமே சுமக்க வேண்டும். பிறர் கை கொடுக்கக்கூடாது. இன்னொரு வழக்கமும் இருந்தது. காவடியில் எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்று கூட்டத்தில் ஒருவர் மற்றவருக்குச் சொல்லமாட்டார்கள். கட்டு என்பது காவடிக்காரருக்கும் சாமிக்கும் இடையிலான பேச்சு. அதில் மூன்றாம் ஆள் வாய் வைப்பது தவறு என்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கரைநடை என்று ஒன்று உண்டு. புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், காற்று மிகுந்திருக்கும் நேரம் பார்த்து, காவடிக்காரர்கள் அனைவரும் கட்டிய காவடியோடும் மூட்டையோடும் ஏரிக்கரை மேல் நடக்க வேண்டும். அம்மன் கோயிலிலிருந்து மடை வரை போய்த் திரும்ப வேண்டும். தடுமாறியவர் அடுத்த தைக்குத்தான் புறப்படலாம். முன்னொரு காலத்தில் கோபாலபுரத்துக்கு அப்பால் பொட்டல்வெளியில் ஒருவர் காவடியோடு விழுந்து, காவடி நடுச்சாலையில் முறிந்துபோயிற்றாம். அந்த ஆண்டு ஊரே வாடிவிட்டது என்று இன்றும் சொல்லிக்கொள்வார்கள்.

பெரிய மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றே கேட்டார். உட்காரவில்லை.

“பொம்பளைன்னு சொல்லலே, அம்மிணி. காத்து ஆம்பள பொம்பள பாக்காது. தூக்கிக் கெடாசிப்போடும்.”

“கரையில நடந்து காமிக்கறேனுங்க மாமா. தடுமாறுனா நீங்க சொன்னபடி.”

“தடுமாறுனா அடுத்த தைதான். அழப்படாது.”

“அழமாட்டேனுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அதன்பின் எங்கள் வீட்டில் மூட்டை கட்டும் வேலை தொடங்கியது. கூட்டத்தில் ஒருவரும் சொல்லக்கூடாது என்ற வழக்கம் வீட்டுக்குள் செல்லாது. இங்கே ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியார் ஒரு பழைய சேலையை விரித்து அதன்மேல் பொருள்களைக் குவிக்கலானார். இரண்டு பச்சைச் சேலைகள், கம்பளிப் போர்வை, படுக்க ஓலைப்பாய், வறுத்த நிலக்கடலை, இடித்த பொரிமாவு, சுக்கு, மிளகு, குதிகாலுக்கு விளக்கெண்ணெய், தண்ணீருக்குத் தூக்குப்போசி, தீப்பெட்டி, டார்ச் விளக்கு. பிறகு ஒரு சிறு அம்மிக்குழவியையும் கொண்டுவந்து வைத்தார்.

“இதெதுக்குங்க அத்தை?”

“வழில வாய்க்குச் சப்புன்னு இருந்தா ஒரு தொவையல் அரைச்சுக்கலாமில்ல?”

“அம்மி வேணுமில்லீங்களா குழவிக்கு?”

“அது வழில எவளாவது குடுப்பா” என்றார் முகம் மாறாமல்.

கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டிக் கிடந்த என் கணவர் சிரித்தார். கால்மேல் வண்டி ஏறிய பிறகு அவர் சிரித்தது அதுவே முதல் முறை. அவரும் சும்மா இருக்கவில்லை. வீட்டுப் பரணில் என் மாமனார் காலத்துக் காவடி ஒன்று இருந்தது. பலாக்கட்டையில் கடைந்தது, ஆண்பிள்ளைகளே அதைத் தூக்கினால் தோளைத் தேய்த்துக்கொள்வார்கள். அது எனக்கு ஆகாது என்று அவரே தீர்மானித்து, வேலியோரம் நின்ற முள்முருங்கையை வெட்டச் சொல்லி, கட்டிலில் கிடந்தபடியே அரிவாளாலும் உளியாலும் எனக்கென்று ஒரு காவடி செதுக்கினார். முள்முருங்கை கனமில்லாத மரம். தண்டு அதில், மேலே வளைவு பிளந்த மூங்கிலில். சீவல்கள் கட்டிலைச் சுற்றிக் குவியும். மகள் அவற்றை அள்ளி விளையாடுவாள். வேலை முடிந்ததும் ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்.

“பாத்தயா? கொக்கு எறகாட்டம்.”

அவர் முகத்தில் இருந்த பெருமையைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். சுமக்க முடியாத தம் வேண்டுதலை எனக்காக எத்தனை இலேசாக்க முடியுமோ அத்தனை இலேசாக்கிவிட்டதாக அவர் நம்பினார்.

கரைநடைக்கு முன்பே மறையூரிலிருந்து என் அண்ணன் வந்து சேர்ந்தார். சின்னாறு வழியே உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, பிறகு எங்கள் ஊர் என்று பஸ் மாறி மாறி, தோளில் ஒரு சாக்கோடு வந்து இறங்கினார். சாக்குக்குள் காய்ந்த கரும்புத்தோகையில் சுற்றிய சர்க்கரை உருண்டைகள். ஒவ்வொன்றிலும் பிடித்தவரின் விரல் தடம் அப்படியே இருந்தது.

“இம்புட்டும் எதுக்குண்ணே?”

“நீ நடக்கப்போறன்னு சொன்னதும் ஆலையில ஆளாளுக்கு ரெண்டு உருண்டையப் போட்டுட்டாய்ங்க. நான் என்ன செய்ய? வேணாம்னா சாமிகிட்ட நீயே சொல்லிக்க.”

கணவர் கட்டிலிலிருந்து குறுக்கிட்டார். “மச்சான், அவ கழுத்து ஒடிஞ்சுபோகும். சொம்புக்கு ரண்டு உருண்டை போட்டாப் போதும். சாமி என்ன தராசா வெச்சிருக்காரு?”

அண்ணன் என் தோளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார். அவ்வாறே இரண்டு பித்தளைச் சொம்புகளிலும் இரண்டிரண்டு உருண்டைகளைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, காவடித் தண்டின் இரு முனைகளிலும் தொங்கவிட்டோம். மாமியார் குவித்தவற்றில் அம்மிக்குழவி நீங்கலாக மற்ற அனைத்தும் என் முதுகு மூட்டையில் ஏறின.

வெள்ளிக்கிழமை உச்சியில் கரைக்குப் போனேன். ஏரி நீர் முழுவதும் சிறு சிறு மடிப்புகளாய் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புறப்பட்டன. என் முறை வந்தது. “அரோகரா” என்று சொல்லித் தோளில் ஏற்றி அடியெடுத்து வைத்தேன். கோயில் மதில் மறைப்புள்ள இடம் வரை ஒன்றுமில்லை. மதிலைத் தாண்டியதும் யாரோ காவடியின் முனையைப் பிடித்துத் திருகுவது போலிருந்தது. வளைவில் கட்டிய துணி புடைத்தது. தண்டு என் தோளில் சுழன்றது. முன்முனையை இழுத்துப் பிடித்தால் பின்முனை மேலே எழும்பியது. சொம்புகள் இரண்டும் கிடந்த கிடை தெரியாமல் காற்றில் பறந்து தண்டில் மோதின. நான் இரண்டு கைகளாலும் தண்டைக் கட்டிக்கொண்டேன். அப்படியும் காவடி என்னைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போயிற்று. மூங்கில் வளைவு ஒரு பக்கம் கழன்றது. அதில் செருகியிருந்த மயிற்பீலிகள் ஏரிக்குள் விழுந்தன. கரையின் சரிவில் ஒரு கால் இறங்கி முழங்கால் மண்ணில் ஊன்றிவிட்டது. காவடியை மட்டும் தரையில் விடவில்லை.

பின்னால் வந்தவர் ஊரில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். ஆண்டுதோறும் நடப்பவர், வாய் மட்டும் ஓயாதவர்.

“ஏனுங்கக்கா, இது காவடிங்களா, பட்டமுங்களா? நூலைச் சித்த இழுத்துப் புடிங்க!”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரிய மாமா சிரிக்கவில்லை. கோயில் வாசலில் நின்றபடியே கையை உயர்த்தினார், அவ்வளவுதான்.

“அடுத்த தை, அம்மிணி.”

நான் அழவில்லை, அழமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சரிவிலேயே குந்தி உட்கார்ந்து, கைக்கெட்டிய பீலிகளைத் தண்ணீரிலிருந்து பொறுக்கினேன். அப்போது தேநீர்க்கடைக்காரர் மடையிலிருந்து திரும்பி என்னைக் கடந்து போனார். அவர் மெலிந்த மனிதர். பனிக்காலத்தில் இழுப்பும் உண்டு. தோள் அகலத்தில் என்னைவிடக் குறைந்தவர். ஆனால் அவருடைய காவடி அசையவில்லை. அசைந்தாலும் திரும்ப வந்து நின்றது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கையில் அவருடைய சொம்புகள் என் கண்மட்டத்தில் இருந்தன. கயிறு நீளமாக விட்டு, சொம்புகளைத் தாழத் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் அவை கனமாக ஒருமுறை ஆடி அடங்கின. கழுத்து வரை நிறைந்திருந்தன. மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோருடையதும் அப்படியே.

நான் உழவர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இதே காற்றில் பல தைமாதங்கள் நெல் தூற்றியிருக்கிறேன். பதர் எங்கே போய் விழும், மணி எங்கே விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வீட்டார் அனைவரும் அன்போடு சேர்ந்து என் காவடியைப் பதராக்கி அனுப்பியிருந்தார்கள். அதைச் சுமந்து வந்த நானும் ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

வீடு திரும்பியபோது செய்தி எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். கழன்ற வளைவைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்.

“மூங்கில இன்னும் மெலிசாச் சீவி, துணியக் கொறைச்சுப் பாக்கலாம்” என்றார்.

“வேண்டாமுங்க. பரண்ல இருக்கற காவடிய எறக்கோணும்.”

“எது, அய்யன் காவடியா? அது பலாக்கட்டை. உங்கூரு ஆனைகூடச் சொமக்காது.”

“ஆனையக் கூட்டியார நேரமில்லீங்க. நானே சொமந்துக்கறேன்.”

அவர் கால் கட்டோடு கிடந்து, கை கொப்புளித்து, எனக்காகச் செதுக்கியதை வேண்டாமென்று சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். அண்ணன் கீழே நின்று வாங்கி இறக்கினார். இறக்கும்போதே “ஆத்தாடி” என்றார். ஒட்டடை துடைத்து, எண்ணெய் பூசி, முற்றத்தில் இரு கவைக்கோல்கள் ஊன்றி அவற்றின்மேல் வைத்தோம். சாக்கைப் பிரித்துச் சர்க்கரை உருண்டைகளைச் சொம்புகளில் அடுக்கினேன். இடைவெளியில் உடைத்த துண்டுகளை இட்டு நிரப்பினேன். கழுத்து வரை வந்ததும் வாயைக் கட்டி, கயிற்றை முடிச்சிட்டேன்.

“கயித்த இன்னும் ரண்டு சாண் எறக்கி உடு.”

திரும்பிப் பார்த்தேன். கணவர் கட்டிலில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

“முடிச்சு அப்பிடிப் போட்டா நழுவும். தண்ட இங்க கொண்டாங்க, மச்சான்.”

அண்ணன் காவடியை அவர் மடிக்கு நேராகப் பிடித்துக்கொள்ள, அவர் கயிற்றை அவிழ்த்து, ஏர்க்காலில் நுகத்தடி பிணைக்கும் முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். மறுமுனைக்கும் அவ்வாறே செய்தார். வளைவில் இருந்த துணியையும் இறுக்கித் தைக்கச் சொன்னார். அவருடைய முள்முருங்கைக் காவடியைப் பற்றி நாங்கள் இருவரும் அதன்பின் பேசவில்லை. மகள் அதை முற்றத்தில் இழுத்து விளையாடி, கொஞ்ச நாளில் அது உருத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் காலையில் பெரிய மாமாவைத் தேடிக் களத்துக்குப் போனேன். அவர் மாடுகளுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

“இன்னொருக்கா நடக்கறேனுங்க மாமா.”

“வெள்ளிக்கெழமை போயிருச்சல்ல.”

“வெள்ளிதானுங்க போச்சு. கரையும் இருக்குது, காத்தும் இருக்குது.”

“ஒருக்காத்தான் பாக்கறது வழக்கம்.”

“ரண்டாவது தரம் நடக்கப்படாதுன்னு வழக்கமிருக்குதுங்களா?”

அவர் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார். அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக அவருக்கும் நினைவில்லை. ஏனெனில், தடுமாறிய யாரும் அதுவரை திரும்பி வந்து கேட்டதில்லை.

உச்சிப்பொழுதுக்குக் கரையில் ஊரே நின்றது போலிருந்தது. அன்று காற்று முந்தைய நாளினும் மூர்க்கமாக வீசியது. அதுவே எனக்கு வேண்டியிருந்தது. அண்ணன் காவடியைத் தூக்கி என் தோளில் வைக்கக் கை நீட்டினார். தேநீர்க்கடைக்காரர் அதட்டினார்.

“கைய எடுங்க, மறையூராரே! எடுத்தாத்தான் காவடி, எடுத்துக் குடுத்தா மூட்டை.”

நானே எடுத்தேன். தோள் இறங்கியது. முதல் சில அடிகளில் மூச்சு அடைத்தது. மதிலைத் தாண்டியதும் காற்று வந்து மோதியது. வளைவு முனகியது, தண்டு மெல்லத் திரும்பப் பார்த்தது. ஆனால் கீழே சொம்புகள் ஒருமுறை ஆடி, பாரத்தைத் தம் இடத்துக்கு இழுத்துக்கொண்டன. காவடி என் தோளில் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் என் வேலை நடப்பது மட்டுமே. தோளெலும்பில் பலாக்கட்டை அழுந்தி எரிந்தது. கண்ணில் மண் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. மடையை அடைந்து, சுற்றி, திரும்பினேன். திரும்பும்போது காற்று முதுகில் இருந்ததால் கால்கள் தாமே நடந்தன. கோயில் வாசலில் கவைக்கோல் மீது காவடியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

“நம்ம கூட்டத்துல வாம்மா” என்றார் பெரிய மாமா. பிறகு சற்றுத் தயங்கி, “நேத்தே தெரிஞ்சுது, அம்மிணி. சொம்பு ரண்டும் வெறுஞ் சொம்புன்னு” என்றார்.

“தெரிஞ்சும் சொல்லலீங்களா, மாமா?”

“சொல்லப்படாது. கட்டு அவங்கவங்க பாடு.”

“என்ற புள்ள மண்டையில சீழு வடியுதுங்க. இன்னொரு வருசம் வடிஞ்சிருக்கும். நீங்க கட்டு அவங்கவங்க பாடுங்கறீங்க.”

அவர் ஏரியைப் பார்த்தார். “எங்கய்யன் காலத்துலருந்து அப்பிடித்தான்” என்று மட்டும் சொன்னார். அந்த விடை எனக்கு அன்று நிறைவு தரவில்லை, இன்றும் தரவில்லை.

வீட்டுக்கு வந்து முதுகு மூட்டையைப் பிரித்தேன். காவடி கனத்துவிட்ட நிலையில் மூட்டையும் அதே கனமாக இருக்க முடியாது. சர்க்கரையில் ஓர் உருண்டையும் குறைப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். ஆகவே குறைய வேண்டியவை என்னுடையவை. முதலில் ஓலைப்பாய் போயிற்று. வைக்கோல் எங்கும் கிடைக்கும். டார்ச் விளக்கு போயிற்று. முன்னே போகிறவரிடம் ஒன்று இருந்தால் போதும். கம்பளிப் போர்வையை எடுத்தபோது மாமியார் என் கையைப் பிடித்தார்.

“பனியில வெறைச்சுப் போயிருவே.”

“ரண்டாவது சேலையப் போத்திக்கறேனுங்க அத்தை.”

“அப்ப நனைஞ்சா மாத்தறதுக்கு?”

“காத்துல நின்னா ஒரு நொடியில காஞ்சுரும்.”

நிலக்கடலையில் பாதி, பொரிமாவில் பாதி, தூக்குப்போசிக்குப் பதிலாக ஒரு சிறு சுரைக்குடுக்கை. விளக்கெண்ணெயை மட்டும் குறைக்கவில்லை. கடைசியில் ஒரு பூசணிக்காய் அளவுக்கு மூட்டை சுருங்கியது. மாமியார் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதக் கொண்டுட்டு ஒரு சந்தைக்குக்கூடப் போகமுடியாது” என்றார்.

அதைக் கொண்டுதான் பழனிக்குப் போனேன். கோபாலபுரம் பொட்டலில் காற்று அடித்த அடியில் எனக்கு முன்னால் போனவரின் தலைப்பாகை கழன்று பறந்தது, காவடி அசையவில்லை. பொள்ளாச்சிக்குள் நுழையும்போது தோளில் தோல் உரிந்துவிட்டது. சேலை முந்தானையை மடித்து வைத்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்; மறுநாள் அதுவும் உரிந்தது. ஊருக்குப் போயிருந்த அண்ணன் உடுமலையில் வந்து சேர்ந்துகொண்டு, கூடவே நடந்தார். இரவுப் பனியில் போர்வையை நினைத்துக்கொண்டது உண்மை. மடத்துக்குளத்தில் ஆற்றில் இறங்கி நீராடியபோது மற்றப் பெண்கள் என் தோளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். “எண்ணெயக் குடுங்க, போதும்” என்றேன். அனுதாபத்துக்கு அங்கே நேரமில்லை. மலை கண்ணில் பட்டதும் எல்லோரும் அரோகரா என்று கூவினார்கள். எனக்குக் குரல் வரவில்லை. அடி மட்டும் வந்தது.

கணவரும் மாமியாரும் மகளும் பஸ்ஸில் வந்து அடிவாரத்தில் காத்திருந்தார்கள். கணவர் கக்கத்தில் கோல் ஊன்றி நின்றார். மலையேறி, காவடியைச் செலுத்தி, சர்க்கரையைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். சொம்புகள் காலியானதும் காவடி மீண்டும் ஆடத் தொடங்கியது. அதைப் பற்றி இனிக் கவலையில்லை.

முடியிறக்கும் இடத்தில் நாவிதர் மகளின் தலையை விலக்கிப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, மண்டை பூராப் புண்ணா இருக்கு. இத்தன நாளா முடிய வெச்சுக்கிட்டா இருந்தீங்க?”

“நடந்து வந்தமுங்க. அதான் இவ்வளவு நாளாச்சு” என்றேன்.

அவர் என் தோளை ஒருமுறை பார்த்தார். வெதுவெதுப்பான நீர் கொண்டுவரச் சொல்லி, ஒட்டிய முடியை ஊறவைத்து ஊறவைத்து எடுத்தார். மற்றக் குழந்தைகளுக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆயிற்று. மகள் கதறினாள். நான் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். கணவர் கோலைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கற்றை விழுந்தபோது, சிவந்து நீர் கோத்த அந்தச் சிறிய தலை முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. மாமியார் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவரே சந்தனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த ஆஸ்பத்திரி மருந்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

மருந்து தடவி, மண்டபத்தின் நிழலில் கிடத்தினோம். அவள் விம்மி விம்மித் தூங்கிப்போனாள். என் கால்கள் வீங்கியிருந்தன. மாமியார் சாப்பிடக் கூப்பிட்டார். நான் வரவில்லை என்று சைகை காட்டினேன். மகளுடைய கை தலைக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரம் அது அவள் வயிற்றின்மேல், விரல் விரிந்தபடி, அப்படியே கிடந்தது.